யாழ்ப்பாணத்தில் செக்கியூரிட்டி சேவை: 136,800 ரூபாய்க்குக் கீழே வாங்கினால் என்ன கிடைக்கிறது?

கல்யாண மண்டபம், தனியார் வைத்தியசாலை, கஸ்தூரியார் வீதி நகைக்கடை, சுப்பர்மார்க்கெட், பாதி எழுந்து நிற்கும் கட்டடம் என்று இப்போது யாழ்ப்பாணத்தில் எங்கு போனாலும் வாசலில் சீருடையோடு ஒருவர் நிற்கிறார். செக்கியூரிட்டி எடுப்பவர்கள் நாலு இடத்தில் விலை கேட்கிறார்கள், ஆகக் குறைந்ததைப் பிடிக்கிறார்கள், கையெழுத்து வைக்கிறார்கள். பிறகு டீசல் குறைகிறது, சாமான் குறைகிறது, “உந்த ஆள் சரியில்லை, ஆளை மாத்துங்கோ” என்று கொம்பனிக்குப் போன் போகிறது. ஆள் மாறுவார். அடுத்த மாதமும் டீசல் குறையும்.

கொம்பனிப் பெயர் எதுவும் இங்கே இல்லை. இங்கு கிடைக்கும் மூன்று வகைச் சேவையையும், கூடவே விற்கும் இரண்டு கருவிகளையும் எடுத்து, ஒரேயொரு கேள்வியால் அளந்திருக்கிறோம்: காவல் நிற்பவர் காசு வாங்கினால் எது உடையும், உடையுமுன் அது தெரியவருமா? சீருடையின் மடிப்பு, சலியூட்டின் அழகு என்பவற்றுக்குப் புள்ளி கிடையாது.

பில்லில் இருந்து தொடங்குவோம்

2026 ஜனவரி தொடக்கம் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய், நாட்சம்பளம் 1,200 ரூபாய். ஒரு வாசலில் 24 மணி நேரமும் ஒருவர் நிற்க வேண்டுமென்றால் 12 மணி ஷிப்ற் இரண்டு, மாதத்துக்கு 60 ஷிப்ற். முதல் 8 மணித்தியாலத்துக்கு 1,200, அதாவது மணிக்கு 150. மிச்ச 4 மணித்தியாலமும் ஓவர்டைம். ஒன்றரை மடங்கில் மணிக்கு 225, மொத்தம் 900. ஆக ஒரு ஷிப்றுக்கு 2,100, அறுபதுக்கு 126,000. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டும் 12 சதவீதத்தையும் ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கட்டும் 3 சதவீதத்தையும் ஓவர்டைமை விட்டுவிட்டு 72,000க்கு மட்டும் போட்டால் 10,800. கூட்டினால் 136,800.

இதில் கொம்பனிக்கு ஐந்து சதம் இல்லை. சீருடை, சப்பாத்து, சுப்பவைசரின் பெற்றோல், ஒபிஸ் செலவு, இலாபம் எல்லாவற்றுக்கும் மட்டுமட்டாகப் பத்து வீதம் வைத்தால் 150,480. வற் பதிவுள்ள நிறுவனமென்றால் அதன்மேல் 18 சதவீதம் ஏறி 177,500 தாண்டும். லீவு நாள் கொடுப்பனவு, ஐந்து வருடம் வேலை செய்தவருக்கு வரும் பணிக்கொடை எதையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒருவர் வந்து அதே வேலையை 95,000க்குச் செய்து தருகிறேன் என்கிறார் என்று வையுங்கள். குறையும் 41,800 ரூபாயை அவர் தன் வீட்டில் இருந்து கொண்டுவந்து போடப் போவதில்லை. சேமலாப நிதியைக் கட்டாமல் விடலாம். ஓவர்டைமை ஓவர்டைமாகக் கொடுக்காமல் “ஷிப்றுக்கு இவ்வளவு” என்று சுளையாகக் கொடுக்கலாம். சீருடைக் காசைச் சம்பளத்தில் வெட்டலாம். நித்திரை கொண்டதற்கு, சேவ் எடுக்காததற்கு, தொப்பி போடாததற்கு என்று தண்டம் அறவிடலாம். இத்தனையும் செய்த பிறகு வாசலில் நிற்பவரின் கைக்கு வருவதைக் கணக்குப் பாருங்கள். கொக்குவிலில் இருந்து பஸ்ஸில் வந்து, இரண்டு நேரம் கடையில் சாப்பிட்டு, பிளேன்ரீயும் குடித்தால் மிஞ்சுவது என்ன? தேத்தண்ணிக் காசு அங்கேதான் பிறக்கிறது. அதை நீங்களே உங்கள் விலையில் கழித்து வாங்கியிருக்கிறீர்கள். பிறகு அவர் வாசலில் நின்று அதை ஈடுசெய்கிறார்.

ஆட்கணக்கையும் பாருங்கள். ஒருவர் மாதத்தில் 26 ஷிப்ற் செய்தாலும் 60 ஷிப்றுக்கு இரண்டு பேர் காணாது, மூன்றாமவர் வேண்டும். மலிவான சேவையில் இருவர்தான் இருப்பார்கள், லீவு இல்லாமல். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் 24 மணி நேரம், சிலவேளை 36 மணி நேரம் தொடர்ந்து நிற்பார். நித்திரை கொள்ளாமல் 30 மணி நேரம் நின்ற மனிதர் அதிகாலை மூன்று மணிக்குப் புகை மணத்தைக் கவனிப்பார் என்று எதிர்பார்க்கிறவர்கள் ஒருநாள் தாங்கள் அப்படி நின்று பார்க்கலாம்.

இல்லாத ஆள்

இந்தத் தொழிலின் பெரிய களவு செக்கியூரிட்டி செய்வதில்லை. பில்லில் நாலு பேர், வாசலில் மூன்று பேர். நாலாவது ஆளின் சம்பளம் சுப்பவைசருக்கும், வாடிக்கையாளர் பக்கத்தில் வரவுத்தாளில் கையெழுத்து வைப்பவருக்கும் இடையில் பிரிகிறது. மூன்று பேரும் இதை அறிவார்கள். அறிந்தபடியால் அவர்கள் எதைச் செய்தாலும் சுப்பவைசர் வாய் திறக்க முடியாது. ஒரு கள்ளப் பெயர் ஏறிய நாளில் இருந்தே அந்த இடத்தில் ஒழுங்கு நடவடிக்கை என்று ஒன்று இல்லை.

கண்டுபிடிப்பது கடினமில்லை. சேமலாப நிதிக்கு மாதாமாதம் கொடுக்கும் சி படிவத்தின் பிரதி பில்லோடு வரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அதில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருக்கும். வரவுத்தாளில் உள்ள பெயர்களை அதோடு ஒப்பிடுங்கள். மாதத்தில் இரண்டு தடவை, ஒன்று இரவு பதினொன்றுக்குப் பிறகு, மற்றது ஞாயிறு மத்தியானம், யாரிடமும் சொல்லாமல் போய் ஆள் எண்ணி, அடையாள அட்டையைப் பாருங்கள். பெயர் வேறு, ஆள் வேறு என்றால் அது “ரிலீவர்” என்பார்கள். ரிலீவருக்கும் சி படிவத்தில் பெயர் இருக்கத்தான் வேண்டும்.

சி படிவம் தரத் தயங்கும் கொம்பனியோடு மேற்கொண்டு கதைக்கத் தேவையில்லை என்பது எங்கள் தீர்ப்பு.

வாகனம் நிற்கும் கதவு

களவு போன சாமானுக்குக் காப்புறுதி உண்டு. ஆட்களுக்கு ஆபத்தாக முடியும் ஊழல் பெரும்பாலும் இருநூறு ரூபாய்க்குள் நடப்பது. கல்யாண மண்டபத்தில் முகூர்த்த நேரம் பாருங்கள். உள்ளே எழுநூறு பேர், வெளியே வாகனம் விட இடமில்லை. ஒரு கார் வந்து நிற்கிறது.

“அண்ணை, ரெண்டு நிமிசந்தான். உதில விடட்டோ?”

“உது அவசர வாசல் தம்பி, விடேலாது.”

“தாலி கட்டினதும் எடுத்திடுவன் அண்ணை, இதை வைச்சிருங்கோ.”

கார் கதவோடு ஒட்டி நிற்கிறது. அதைப் பார்த்து அடுத்த காரும் வருகிறது. கொஞ்ச நேரத்தில் சமையல் கூடத்துப் பக்க வாசலில் ஒரு வான். காஸ் சிலிண்டரும் விறகும் எண்ணெய்த் தாச்சியும் இருக்கும் பக்கம் அது. தீப்பிடித்தால் எழுநூறு பேரும் தாங்கள் வந்த பெரிய வாசலையே தேடி ஓடுவார்கள், ஏனென்றால் மனிதர் பயத்தில் அறிந்த வழியைத்தான் பிடிப்பார்கள். முன்வாசல் நெரியும். பக்கக் கதவு திறக்காது.

1997 யூன் 13இல் டில்லி உப்கார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள். தீ மூண்டது கீழே, மின்மாற்றியில். இறந்தவர்கள் மேலே பல்கனியில் புகையில் அகப்பட்டவர்கள். அங்கே மேலதிக இருக்கைகள் போட்டு வழியை அடைத்திருந்தார்கள், கதவும் பூட்டியிருந்தது. இருக்கை ஒவ்வொன்றும் யாருக்கோ வருமானம்.

மண்டபத்துக்குச் சேவை எடுப்பவர்கள் செக்கியூரிட்டியின் நேர்மையில் இதை விட்டுவைக்க வேண்டாம். அவசரக் கதவுக்கு வெளியே நிலத்தில் இரும்புத் தூண்களை 1.2 மீற்றர் இடைவெளியில் நட்டுக் கொங்கிறீற் போட்டுவிடுங்கள். ஆள் போகலாம், கார் நிற்க முடியாது. விற்பதற்கு ஒன்றும் இல்லையென்றால் காசும் கைமாறாது. மஞ்சள் கோடு மட்டும் அடித்துவிட்டு நின்றால் அது ரேற் அடித்த பலகைதான்: இங்கே விடுவதற்கு இவ்வளவு. கதவில் பூட்டும் சங்கிலியும் தொங்கக் கூடாது. உள்ளே இருந்து தள்ளினால் திறக்கும் கம்பிப் பூட்டுப் போடுங்கள். “சங்கிலி போடாட்டி வெளிச் சனம் சாப்பாட்டுக்கு வந்திடும்” என்று மண்டபக்காரர் சொல்வார்கள். கதவு திறந்தால் கத்தும் பற்றரி அலாரம் ஒன்று அந்தப் பிரச்சினையைத் தீர்க்கும். தீயணைப்பு வண்டி உள்ளே வர மூன்றரை மீற்றர் அகலமாவது வெறுமையாக இருக்கவேண்டும். அந்த வழியையும் தூணால் அடைத்துவிடாதீர்கள்; கழற்றக்கூடிய தூண் போட்டு, திறப்பைக் கண்ணாடிப் பெட்டியில் வாசலிலேயே வையுங்கள்.

“அம்மாவை ஒருக்காப் பாத்திட்டு வாறன் ஐயா”

வைத்தியசாலை வாசல் வேறு மாதிரி. அங்கே காசு கொடுப்பவர் கெட்டவர் இல்லை. சாவகச்சேரியில் இருந்தோ தீவுப் பக்கத்தில் இருந்தோ பஸ் பிடித்து வந்திருப்பார், பார்வை நேரம் முடிந்திருக்கும், கையில் கஞ்சிப் போத்தல். நூறு ரூபாயை மடித்துக் கொடுக்கிறார், உள்ளே போகிறார். இதில் என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். நூறு ரூபாய்க்கு மகனை விடும் வாசல் அதே நூறு ரூபாய்க்கு எவரையும் விடும். வெட்டுக்காயத்தோடு கிடப்பவரைத் தேடி இரவில் வரும் ஆளும், குழந்தைப் பிரிவில் சும்மா நடந்து திரியும் ஆளும் அதே வாசலால்தான் வருவார்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இராது. காசு வாங்கி விட்ட ஆளை யாரும் பதிவதில்லை.

இதற்கும் வழி வாசலை இறுக்குவதில் இல்லை. தூரத்தில் இருந்து வருபவருக்கு நேரம் தவறினால் போக ஒரு முறையான வழி வையுங்கள்: வார்ட் தாதியிடம் இன்ரர்கொம்மில் கேட்டு, நேரம் எழுதிய நிற ஸ்ரிக்கர் ஒட்டி, 15 நிமிடத்துக்கு விடுவது. நாளுக்கொரு நிறம். ஸ்ரிக்கர் கட்டு வாசலில் இருக்கக் கூடாது, வார்ட்டில் இருக்க வேண்டும்; வாசலில் இருந்தால் அதுவும் விலைக்குப் போகும். இப்படிப் பிரித்த இடங்களில் செக்கியூரிட்டிக்கும் நிம்மதி. இல்லையென்று சொல்லிச் சொல்லியே திட்டு வாங்கும் வேலை அது.

சாமான் வாசல், டீசல், லொக் புத்தகம்

களஞ்சியத்துக்கும் கட்டுமானத் தளத்துக்கும் ஒரு விதி போதும்: எண்ணுபவர் வேறு, கேற்பாஸ் எழுதுபவர் வேறு, படலை திறப்பவர் வேறு. மூன்றும் ஒரே கையில் இருந்தால் 50 கிலோ சீமெந்து மூட்டை இருபது வந்த இடத்தில் இருபத்திரண்டு என்று கையெழுத்துப் போகும். கேற்பாஸ் மூன்று பிரதி, இலக்கம் அச்சடித்தது; பழுதானதையும் கிழிக்காமல் குறுக்கே கோடு போட்டு வைத்திருக்க வேண்டும். இடையில் ஒரு இலக்கம் காணாமல் போனால் அன்றே கேளுங்கள்.

ஜெனரேற்றர் டீசலுக்கு அளவுகோல் அதிலேயே இருக்கிறது. ஓடிய மணித்தியாலம் காட்டும் மீற்றரை ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் எழுதுங்கள். 20 கே.வி.ஏ மெசின் அரைச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ 3 லீற்றர் குடிக்கும். பத்து மணித்தியாலம் ஓடி 30 லீற்றர் போனால் சரி, 45 போனால் மெசின் பழுது அல்லது வாளி உண்டு. தாங்கியின் கீழ்க் குழாய்க்குப் பூட்டுப் போட்டுப் பாருங்கள், மெசின் தானாகத் திருந்திவிடும்! வைத்தியசாலையில் இது வெறும் டீசல் கணக்கு இல்லை. மின்சாரம் நின்று, மெசின் தொடங்கி, பத்தாவது நிமிடத்தில் தாங்கி காய்ந்தால் சத்திரசிகிச்சை மேசையில் இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதை அந்தப் பத்து லீற்றரை விற்றவர் நினைத்திருக்க மாட்டார்.

லொக் புத்தகத்தைப் பற்றி ஒரு சின்னச் சோதனை. இரவு பத்து மணிக்கே விடியும்வரை எழுதி முடித்துவிடுவது இந்தத் தொழிலின் பழைய வழக்கம்: 23.00 எல்லாம் சரி, 00.00 எல்லாம் சரி, 01.00 எல்லாம் சரி. மை ஒன்று, எழுத்தின் சரிவு ஒன்று, வரி விலகாது. சந்தேகமென்றால் மின்வெட்டு வந்த ஓர் இரவை எடுங்கள். 2.10க்குக் கரண்ட் போய் 3.05க்கு வந்தது கமராப் பதிவில் தெரியும். லொக் புத்தகத்தில் 03.00 “எல்லாம் சரி” என்றிருந்தால் அந்த மனிதர் அப்போது அங்கே இல்லை, அல்லது நித்திரை. தாள் கழற்ற முடியாத, பக்க இலக்கமிட்ட கட்டுப் புத்தகம் வாங்குங்கள். வளையம் போட்ட கோப்பு வேண்டாம்.

மூன்று வகைச் சேவை, எங்கள் புள்ளி

கொழும்பில் தலைமையகம் வைத்து இங்கே கிளை நடத்தும் பெரிய நிறுவனங்கள்: பத்துக்கு ஆறரை. சி படிவம் கேட்டால் வரும், சம்பளம் வங்கிக்குப் போகும், ஆள் குறைந்தால் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் மாற்று ஆள் வரும். குறை இரண்டு. முறைப்பாடு கொழும்புக்குப் போய்த் திரும்பிவரக் கிழமைக் கணக்கு ஆகும். மற்றது மொழி; பயிற்சிக் கையேடும் வோக்கிரோக்கிக் கட்டளையும் சிங்களத்தில், வாசலில் நிற்பவருக்குத் தமிழ் மட்டும். தீ நேரத்தில் “எந்தக் கதவு” என்று இரண்டு தடவை கேட்க நேரமில்லை. தமிழில் எழுதிய நிலைய அறிவுறுத்தல் ஒன்றை ஒப்பந்தத்தின் பகுதியாகக் கேளுங்கள். நாலு பக்கம் போதும்.

உள்ளூர்ச் சிறு நிறுவனங்கள்: ஒன்றில் நாலு, இல்லாவிட்டால் ஏழு. நல்லது இருக்கிறது, மோசமானதும் இருக்கிறது, நடுவில் ஒன்றுமில்லை. முதலாளி தானே இரவில் மோட்டார் சைக்கிளில் வந்து பார்ப்பவரென்றால் பெரிய கொம்பனியை விட மேல். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது பதிவு. 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தனியார் பாதுகாப்பு முகவர் நிலையங்கள் சட்டத்தின்படி பாதுகாப்பு அமைச்சில் பதிய வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழைக் காட்டி “பதிவு இருக்கு” என்பார்கள். அது வேறு, இது வேறு. பாதுகாப்பு அமைச்சின் சான்றிதழில் இந்த வருடத் திகதி இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு அமைச்சின் இணையத்தளத்தில் உள்ள பட்டியலோடு பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒத்த பெயரில் ஒரு எழுத்து மாறி வருவதும் உண்டு.

நேரடியாக வைக்கும் வோச்சர்: ஐந்து. தெரிந்த ஐயா, பக்கத்து ஒழுங்கை, சைக்கிளில் வருவார், முப்பது வருடப் பழக்கம். நேர்மையில் இவரை அடிக்க ஆளில்லை. ஆனால் 68 வயதில் மதில் ஏறி வருபவனை என்ன செய்வார்? அவர் வராத நாளுக்கு ஆளும் இல்லை. சேமலாப நிதி அவருக்கும் கட்ட வேண்டும் என்பதைப் பல கடைக்காரர் மறந்துவிடுகிறார்கள். சின்னக் கடைக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீட்டுக்கும் போதும். மண்டபத்துக்குப் போதாது.

எந்த வகையென்றாலும் ஆள் எடுக்குமுன் கிராம அலுவலரின் சான்றிதழும், அவர் வசிக்கும் பகுதிப் பொலிஸ் நிலைய அறிக்கையும், முன்பு வேலை செய்த இரண்டு இடத்தின் தொலைபேசி இலக்கமும் வேண்டும். கொம்பனி கோப்பைக் காட்டாமல் “எல்லாம் எங்களிட்ட இருக்கு” என்றால் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னைய இடத்துக்குப் போன் எடுப்பதைத்தான் ஒருவரும் செய்வதில்லை. ஐந்து நிமிட வேலை.

கூட விற்கும் கருவிகள்

சுற்றுக் காவல் கருவி இரண்டு விதம். சுவரில் க்யூ.ஆர் ஸ்ரிக்கர் ஒட்டி, செக்கியூரிட்டி போனால் ஸ்கேன் பண்ணுவது ஒன்று. மலிவு, அழகாக அறிக்கை வரும், பத்துக்கு மூன்று. எட்டு ஸ்ரிக்கரையும் ஒருநாள் படம் எடுத்து வைத்துக்கொண்டால் அதன்பிறகு கதிரையை விட்டு எழும்பத் தேவையில்லை. ஜி.பி.எஸ் இருக்கிறது, ஏமாற்ற முடியாது என்பார் விற்பவர். கட்டடத்துக்குள் ஜி.பி.எஸ் பத்திருபது மீற்றர் அங்கே இங்கே தாவும். தவிர, பொய் இடம் காட்டும் ஆப் இலவசமாகக் கிடைக்கிறது.

மற்றது சுவரில் ஆர்.எப்.ஐ.டி வில்லையும் (கிட்டப் பிடித்தால் வாசிக்கப்படும் சின்னச் சில்லு) கையில் தடி போன்ற வாசிப்பானும். இதற்கு ஏழு. வில்லையைப் படம் எடுத்துப் பயனில்லை. ஆனால் இரட்டைப்பக்க ரேப்பில் ஒட்டியிருந்தால் கழற்றி எட்டையும் காவல் கொட்டிலுக்குள் வரிசையாக வைத்துவிடுவார்கள், அதனால் எப்பொக்சி பூசி ஆணி அடியுங்கள். பிறகு அறிக்கையில் நேர இடைவெளியை மட்டும் பாருங்கள். 400 மீற்றர் சுற்றில் எட்டுப் புள்ளி என்றால் சாதாரண நடைக்கு ஐந்தாறு நிமிடம் வேண்டும். எட்டும் 40 செக்கனில் முடிந்திருந்தால் வில்லைகள் ஓரிடத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு இரவும் ஒரே நிமிடத்தில் தொடங்கும் சுற்றும் கூடாது. அது உங்களுக்கு மட்டுமல்ல, மதிலுக்கு வெளியே நின்று பார்ப்பவனுக்கும் நேரசூசி. வாசிப்பான் அடிக்கடி விழுந்து உடைகிறது, பற்றரி இறங்குகிறது என்றால் இரண்டாவது ஒன்றை அலுமாரியில் வைத்திருங்கள், விழுவது குறையும்.

கமரா பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். இரண்டு விடயம் மட்டும். பதிவுப் பெட்டி காவல் கொட்டிலில் இருக்கக் கூடாது. பிளக்கைக் கழற்ற ஒரு கை போதும். வேறு பூட்டிய அறையில், தனி யு.பி.எஸ் போட்டு, கடவுச்சொல்லை மாற்றி வையுங்கள். செக்கியூரிட்டிக்குப் பார்க்கும் திரை மட்டும். அடுத்தது கொள்ளளவு. ஒரு கமரா 2 மெகாபிற் வேகத்தில் பதிந்தால் நாளுக்கு 21.6 ஜிகாபைற். எட்டுக் கமராவுக்கு 1 ரெராபைற் டிஸ்க் ஆறு நாளும் காணாது, 4 ரெராபைற் போட்டால் 23 நாள். மாத முடிவில் சாமான் எண்ணிக் குறை கண்டுபிடிக்கும் கடைக்கு ஆறு நாள் பதிவு எதற்கு? விற்பவர் ஒரு மாதம் நிற்கும் என்று சொன்னால் இந்தப் பெருக்கலை அவர் முன்னால் போட்டுக் காட்டுங்கள். பெட்டிக்குள் இருக்கும் சின்ன நாணயப் பற்றரி செத்தால் கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் திகதி தொடக்கத்துக்குப் போய்விடும். திகதி பிழைத்த வீடியோவைப் பொலிஸில் கொடுத்துவிட்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

ஒப்பந்தமும் முறைப்பாடும்

கொம்பனி தரும் ஒப்பந்தத்தில் பொறுப்பு என்ற பந்தியை முதலில் வாசியுங்கள். எந்த நட்டத்துக்கும் ஒரு மாத பில் தொகைக்கு மேல் பொறுப்பில்லை என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். நகைக்கடைக்கு அது பகிடி. தங்கள் ஊழியரின் களவுக்கு அவர்கள் எடுத்திருக்கும் காப்புறுதியின் பிரதியைக் கேளுங்கள், தொகையையும் முடியும் திகதியையும் பாருங்கள். வராத ஷிப்றுக்கு ஒன்றரை மடங்கு கழிப்போம் என்று எழுதுங்கள். ஒரு மடங்கு மட்டும் கழித்தால் ஆள் அனுப்பாமல் விடுவதில் கொம்பனிக்கு நட்டமே இல்லை. சேமலாப நிதி கட்டாவிட்டால் அடுத்த பில்லை நிறுத்தி வைப்போம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

ஊழல் என்றால் அரசாங்க உத்தியோகத்தர் மட்டும் என்ற எண்ணம் பழையது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழலுக்கு எதிரான சட்டம் தனியார் துறையில் கைலஞ்சம் வாங்குவதையும் கொடுப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. கொடுப்பதையும் என்பதைக் கவனியுங்கள். மண்டபத்து வாசலில் மடித்து நீட்டிய நோட்டுக்கு இரண்டு கைகள் உண்டு. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. பொலிஸ்காரர் யாரும் காசு கேட்டாலும் இதே இலக்கம்தான். அந்த இடத்திலேயே களவு, அடிபாடு என்றால் 119. சம்பளமும் சேமலாப நிதியும் கிடைக்காத செக்கியூரிட்டி யாழ்ப்பாணத்தில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போகலாம். அந்த விலாசத்தைத் தமிழில் எழுதிக் காவல் கொட்டில் சுவரில் ஒட்டிவையுங்கள். கொம்பனிக்குப் பிடிக்காது. ஒட்டிய இடங்களில் சம்பளம் நேரத்துக்கு வருகிறது.

முறைப்பாட்டில் “செக்கியூரிட்டி கள்ளன்” என்று எழுதிப் பயனில்லை. திகதி, ஷிப்ற், வாசல், கேற்பாஸ் இலக்கம், வாகன இலக்கம், கமரா நேரம் எல்லாம் வேண்டும். பெயர் தெரியாவிட்டால் சீருடையில் உள்ள இலக்கம். சுப்பவைசரிடம் கொடுத்தால் சுப்பவைசரைப் பற்றிய முறைப்பாடு எங்கே போகும்? ஆகவே கொம்பனியின் பணிப்பாளருக்கு நேரே பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, முதலாளிமாருக்கு மட்டும். உங்கள் மனேஜர் ஒவ்வொரு வருடமும் ஒரே கொம்பனியைச் சிபாரிசு செய்கிறார், மற்ற விலைமனுக்கள் எல்லாம் ஒரே மாதிரி எழுத்தில், ஒரே எழுத்துப்பிழையோடு வருகின்றன என்றால், வாசலில் நிற்பவரைத் திட்டுவதை நிறுத்திவிட்டு மனேஜரின் மேசைக்குப் போங்கள். யாழ்ப்பாணத்தில் வேலி அடைத்துப் பழகியவர்களுக்கு வேலிக்கு நட்ட கதியால் தடிகளில் எது முதலில் உக்கும் என்று தெரியும். வெளியில் தெரிவதில்லை அது, மண்ணுக்குள் இருக்கும் பக்கம்.

கொம்பனி மாற்றும் நாள்

பழைய கொம்பனியின் கடைசி இரவும் புதியதின் முதல் இரவும்தான் ஆகக் கூடாத நேரம். பழையவருக்கு இனி இழக்க ஒன்றுமில்லை, புதியவருக்கு எது எங்கே என்று தெரியாது. ஒப்படைப்பைப் பகலில், சனிக்கிழமை இல்லாத நாளில், மூன்று தரப்பும் நின்று செய்யுங்கள். திறப்புக் கோர்வையை எண்ணி வாங்குவதோடு நின்றுவிட வேண்டாம். மாற்றுத் திறப்பு வெட்ட வீதியோரத்தில் பத்து நிமிடம் போதும். வெளிப் படலைப் பூட்டு, களஞ்சியப் பூட்டு, டீசல் பூட்டு மூன்றையும் அன்றே மாற்றுங்கள். கமராக் கடவுச்சொல், வைபை, அலாரம் இலக்கம் மூன்றும் மாற வேண்டும். மோட்டர் ஷட்டரை மறந்துவிடுவார்கள். ரிமோட்டைத் திருப்பி வாங்கினால் காணாது, ஏனென்றால் அதைப் பார்த்துப் படித்த இன்னொரு ரிமோட் யாரிடமோ இருக்கலாம். மோட்டர் பெட்டியைத் திறந்து, பதிவு பொத்தானை நீள அமத்திப் பழைய ரிமோட் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, புதிய ரிமோட்டுகளை மட்டும் பழக்குங்கள். பிறகு பழைய கொம்பனி தந்த ரிமோட் ஒன்றை அமத்திப் பாருங்கள். ஷட்டர் அசையக் கூடாது.